பதினேழாம் எண் புட்டி

சட்டையைக் கழற்றுங்க.
கழுத்துக் கயிறையும்.
தாடையை இதுமேல வைங்க,
தோளை முன்னால தள்ளுங்க.
மூச்சை இழுங்க.
பிடிங்க.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை,
எக்ஸ்ரே அறை, காலை பத்தரை.
ஜெகதேவி பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில்
பத்தொன்பது வருஷம் பாலிஷ் போட்ட
திம்மராயப்பாவால் பிடிக்க முடியவில்லை.
இருமல் முந்திக்கொண்டது.
படம் கலங்கிப்போச்சு, இன்னொரு தரம் என்கிறேன்.
"பிடிக்க உள்ள ஏதாச்சும் இருந்தாத்தானே மேடம்"
என்று சிரிக்கிறார்.
சிரிப்பும் இருமலாகத்தான் முடிகிறது.

நான் விலங்கியல் படித்தவள்.
கல்லூரி ஆய்வகத்தில், ஜன்னலோர அலமாரியில்
பதினேழாம் எண் புட்டி.
ஃபார்மலினில் வெளுத்து
நேற்றைய பணியாரம் மாதிரி ஒன்று.
கடற்பஞ்சு.
செய்முறைத் தேர்வில் அதைப் பவளம் என்று எழுதி
இரண்டு மதிப்பெண் விட்டேன்.
அந்த ஆத்திரத்தில்
அதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

இதயம் கிடையாது. மூளை கிடையாது.
வாய் என்று தனியாக எதுவும் இல்லை, உடம்பெல்லாம் துளை.
குஞ்சாக நீந்தி வந்து
பாறையில் ஒட்டிய நாளிலிருந்து
தண்ணீரை இழுக்கும், விடும்,
இழுக்கும், விடும்.
பிடிங்க என்று அதனிடம் யாரும் சொன்னதில்லை.
தன் உடம்பைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு கடல்
ஒரே நாளில் அதற்குள் புகுந்து
தெளிந்து வெளியேறும்.
வேறு எவர் வாய்க்கும் எட்டாமல்
நீரில் கரைந்து கிடக்கும் சத்தைத் தின்றுவிட்டு
தன் செல்களையே துகளாக உதிர்க்கும்.
அதைப் புழு தின்னும், புழுவை நண்டு.
வெறுங்கடல் நடுவே ஒரு பவளத்திட்டு
பசியாறுகிறதென்றால்
இந்தத் துளைப்பொட்டலமும் அங்கே ஓர் அடுப்பு.

அது தும்மும்கூட.
நரம்பே இல்லாத உடம்பு
மெல்லச் சுருங்கி
அரைமணியோ ஒருமணியோ எடுத்துக்கொண்டு
துளையை அடைத்த தூசியைச் சளியாக்கித் தள்ளும்.
அந்தச் சளியை மேயவும் சின்ன உயிர்கள் காத்திருக்கும்.

திம்மராயப்பா துண்டில் துப்பி
மடிப்பை உள்பக்கமாகத் திருப்பி
கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

"தண்ணி விட்டுத் தேய்ச்சா தூசி பறக்காதாமே?"
"ஆபீசர் வர்ற அன்னிக்கி விடுவோம்."
"நீங்க தேய்ச்ச கல்லெல்லாம் எங்க போகும்?"
"கப்பல்ல. எந்த ஊருக்கோ.
நான் கடல் பாத்ததில்ல மேடம்."

இழுங்க.
பிடிங்க.

இந்தத் தரம் பிடித்துவிட்டார்.
ஈயக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம்
திரையில் படம் எழுகிறது.
இரண்டு மேல்மடல்களிலும் மணல் தூவினாற்போல்.
சிலிகா.
என்ன நோய் என்று சொல்வது என் வேலை இல்லை;
டாக்டர் சொல்வார்.
ஆனால் அந்தப் பொட்டுகளை எனக்குத் தெரியும்.
இதே சிலிகாவைத்தான்
கடற்பஞ்சு நீரிலிருந்து கிள்ளிக் கிள்ளி எடுத்து
கண்ணாடி ஊசியாக்கி
தன் கூரைக்கு விட்டம் போடுகிறது.
அதை நிமிர்த்தி நிறுத்துவது எதுவோ
அதுவே இவரைக் குனிய வைக்கிறது.

பட்டறைப் பின்வாசல் சேறு
மழைக்கு ஓடைக்குப் போகும்,
ஓடை தென்பெண்ணைக்கு,
தென்பெண்ணை கடலூருக்கு.
போகிற வழியில் ஒரு சிட்டிகையாவது கரையாதா?
கரைந்தால்
ஆழத்தில் எங்கோ ஒரு பஞ்சின் ஊசி நுனியில்
இவர் தேய்த்த கல் இருக்கும்.
இது ஆறுதலா என்று தெரியவில்லை.
அவரிடம் சொல்லத்தக்கது இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

"மேடம்" என்கிறாள் வாசலில் அடுத்த சீட்டோடு நிற்பவள்,
"அவரு இன்னும்..."

நிமிர்கிறேன்.
கன்னம் உப்பி, கண் பிதுங்கி
தட்டை இரு கையாலும் அணைத்தபடி
திம்மராயப்பா
இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

விடுங்க அண்ணா.
விடுங்க.