சூழல் மாறி

இரவு இரண்டு பத்துக்கு ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்
மூன்று நாளாக ஓடி ஓடி விழுகிறது.
பகலில் நானே கையால் ஓட்டினால்
ஒரு குறையும் சொல்லாமல் முடித்து
பூஜ்யம் என்று திருப்பித் தருகிறது.
எங்கள் தொழிலில் பூஜ்யம்தான் முழு மதிப்பெண்.

நான்காம் இரவு வீட்டுக்குப் போகவில்லை.
துரைப்பாக்கம், ஆறாவது மாடி.
கண்ணாடிக்கு வெளியே சதுப்பு நிலம் இருட்டாக.
எங்கோ குப்பை எரிகிற வாசனை
ஏசி வழியாகவும் வருகிறது.

எழுதியவன் தேவசகாயம்.
மார்ச்சில் வேலையை விட்டுப் போனான்.
பழைய சர்வரில் எங்கேயோ ஒரு மதிப்பை வைத்திருந்தான்,
எங்கே என்று எழுதி வைக்கவில்லை.
புதிய சர்வருக்கு மாற்றும்போது
எல்லாவற்றையும் எடுத்து வந்தோம்,
அதைத் தவிர.

க்ரானிடம் கேட்டேன்:
உனக்கு என்னென்ன தெரியும், ஒரு கோப்பில் எழுது.
எழுதியது.
வீடு எது. பெயர் என்ன. ஷெல் எது.
கட்டளைகளைத் தேடிப் போக இரண்டே தெரு.
மொத்தம் நான்கு வரி.

அதே கேள்வியை என்னிடம் கேட்டால்
திரை நகர்ந்துகொண்டே போகிறது, எழுபத்தொரு வரி.
மொழி, நேரம், டேட்டாபேஸ் கடவுச்சொல்,
கிடங்கின் முகவரி,
ஏதோ சோதனைக்குத் 'தக்காளி' என்று வைத்து
மறந்துபோன ஒன்று.
உள்ளே நுழைந்ததும் சத்தமில்லாமல்
தோளில் ஏறிக்கொள்கிறவை.
பகலில் ஓடியது ஸ்கிரிப்ட் அல்ல,
என் பழக்கம்.

விழுந்த இடம் கிடைத்தது.
பழைய பேக்கப்பை அழிக்கிற வரி:
டாலர் குறி, கிடங்கின் பெயர், ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரம்.
கிடங்கின் பெயர் அங்கே காலி.
காலி என்று அது முறையிடவில்லை.
காலியையும் ஒரு விடையாக எடுத்துக்கொண்டு
சாய்கோட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லாமல்
வேரிலிருந்தே அழிக்கக் கிளம்பியிருக்கிறது.
மூன்று இரவும்.

அனுமதி இல்லை
அனுமதி இல்லை
அனுமதி இல்லை
பதிவேடு முழுக்க ஆயிரத்துச் சொச்சம் வரி.
பதினாறு ஸ்கேன் சென்டர்களின்
நுரையீரல்களும் முதுகெலும்புகளும்
அந்த இரண்டு சொல்லால் பிழைத்திருக்கின்றன.
தன் வீட்டிலிருந்த இரண்டு கோப்புகளை மட்டும் அழித்திருக்கிறது.
அதற்கு அதிகாரம் இருந்தது அங்கேதான்.

தண்ணீர் குடித்தேன். பாட்டில் முடியும்வரை.

தலைப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
பெயர் இருந்து மதிப்பு இல்லாவிட்டால் அங்கேயே நில்.
முழுப் பாதையையும் வேரிலிருந்து எழுதினேன்.
'எக்ஸ்போர்ட்' என்று சொன்னால்தான் பிள்ளைக்குப் போகும்.
பிள்ளை அதை மாற்றிக்கொண்டால்
பெற்றதற்குத் தெரியாது.
யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கலைச்சொல் பட்டியலில் இதற்குச் சூழல் மாறி என்று பெயர்.
கல்லூரியில் பெயர்ச்சொல்லாகத்தான் மனப்பாடம் செய்தேன்.
மூன்றரை மணிக்கு அது வினையெச்சமாகத் தெரிந்தது.
சூழல் மாறி,
மாறி என்ன ஆனது?
வினைமுற்று வரவில்லை, லிஃப்ட் வந்தது.

கீழே வண்டி. எப்போதும் வருகிற கபூர் இல்லை.
புது ஆள், தாராபுரம் பக்கத்துப் பேச்சு.
'வழக்கமா இறங்கற இடம்ணே' என்று சொல்லிவிட்டுக்
கண்ணை மூடினேன்.
வண்டி நகரவில்லை.
'வழக்கம்னா எதுங்க மேடம்?'

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
வேளச்சேரி. ரயில் பாலத்துக்குக் கீழே இடது கை.
ரேஷன் கடை தாண்டி இரண்டாவது சந்து.
பழைய எண் பதினொன்று, புதிய எண் இருபத்தாறு.

'கேட்டுல எதுங்க எழுதியிருக்கும்?'

ரெண்டும் இருக்கும்ணே.
புதுசு பெயிண்ட்ல பாதி மறைஞ்சிடுச்சு,
பழையதைப் பார்த்தே வாங்க.

'இப்பிடிச் சொன்னாப் போதுமுங்க'
என்று கியரைப் போட்டார்.