மான்மேல் போட்ட பழி

முதல் தடவை குளியலறையில்.
ஒரு கையில் சவர்க்காரம்,
மறு கைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை.
அதை யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டாம் தடவை டொக்யாட் வீதியில்,
பட்டப்பகலில், பேக்கரிக்கு முன்னால்.
நாலு பேர் ஓடிவந்து தூக்கிய பிறகு
மறைக்க வழியில்லை.
மான் முட்டியது என்றேன்.

திருகோணமலையில் இதை எவரும் நம்புவார்கள்.
சந்தையடியில் கோவா இலை தின்று
பஸ் ஹோர்ன் அடித்தாலும் அசையாத மான்கள்.
ஸ்காபரோவிலிருந்து மகள் கேட்டாள்:
"கொம்பு வைச்சதோ அப்பா?"
"ஓம், நல்ல கொம்பன்."
பொய்க்குக் கொம்பு முளைத்தது அங்கேதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நீள அறை.
ஒரு கதிரை.
தரையில் மஞ்சள் நாடா, மூன்று மீட்டர்.
எழும்பி, நடந்து, திரும்பி, வந்து இருக்க வேண்டும்.
கிண்ணியாப் பிள்ளை நுஸ்ரத்
கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தாள்.

மூன்று மீட்டராம்!
மூதூர் லோஞ்சில் முப்பத்தொரு வருஷம்
டிக்கட் கிழித்தவன் நான்.
கொட்டியாரக்குடாவில் வாடை ஏறுகிற நாளில்
அரிசி மூட்டை, கால் கட்டிய கோழிகள்,
சத்தியெடுக்கிற சனம் எல்லாவற்றுக்கும் நடுவே
கம்பி தொடாமல் போய்வந்தவன்.
அடுத்த அலை எந்தப் பக்கம் என்று
என் கால் பெருவிரலுக்கு
கடலுக்கு முதலே தெரியும்.

"பத்தொன்பது செக்கன்."
"அது கூடவோ, குறையவோ?"
"பன்னிரண்டுக்கு மேல போனால்
கவனமா இருக்கோணும் ஐயா."

பிறகு சொன்னாள்: இன்னொரு தரம் நடவுங்கோ.
நடந்துகொண்டே
நூறிலிருந்து மூன்று மூன்றாய்க் கழியுங்கோ.

தொண்ணூற்றேழு. ஓரடி.
தொண்ணூற்று நாலு. இன்னோரடி.
தொண்ணூற்று
கால் நின்றுவிட்டது.
மிச்ச எண்ணைத் தேடி நான் எங்கோ போயிருந்தேன்.
உடம்பு நாடாவின்மேல் தனியே கிடந்தது,
கயிறு அவிழ்ந்த வள்ளம் மாதிரி.
ஆடுகிற பலகையில்
ஐம்பது ரூபாய்க்கு மிச்சம் எண்ணிக்கொண்டே நடந்த
அதே கால்கள்.

அவள் ஏதோ எழுதினாள்.
தலை நிமிராமல் கேட்டாள்:
"மான் முட்டினது எந்தப் பக்கத்தால?"
"இடப்பக்கத்தால."
"காயமும் இடத் தோளில்தானே, ஐயா."

இடமிருந்து முட்டினால் வலப்பக்கம் விழ வேண்டும்.
லோஞ்சில் இருந்தவனுக்கு இது தெரியாதா?
மேலே மின்விசிறி சுற்றியது.
மான் என்று இருந்த இடத்தில்
அவள் மெல்ல ஒரு கோடு போட்டாள்,
வேறொன்றும் கேட்கவில்லை.

காலையில் குசினித் தொட்டியைப் பிடித்தபடி
ஒற்றைக் காலில் பத்து எண்ணுகிறேன்.
கொக்கு என்கிறாள் மனைவி.
தேய்ந்த செருப்பைக் குப்பையில் போட்டவளும் அவளே.

பின்னேரங்களில் டச்சுக்குடாக் கரையில்
சவிரியானோடு நடை.
கதைக்கத் தொடங்கினால் அவரும் நின்றுவிடுவார்.
நாட்டு நிலைமையின் பாரத்தால் நிற்கிறார் என்றுதான்
இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.
இப்போது ஒரு சட்டம் வைத்திருக்கிறோம்:
கம்பத்திலிருந்து கம்பம்வரை வாய் திறப்பதில்லை.
கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கதைப்பது.
அவருடைய காணி வழக்கு
ஆறு கம்பம் நீண்டது.

நேற்று ஏழாவதன் அடியில் ஒரு கொம்பன்.
ஐஸ்கிறீம் கடதாசியைச் சப்பிக்கொண்டு
எங்களை ஒரு தரம் பார்த்தது.
நாலு காலில் நிற்கிற எதற்கும்
இந்தச் சங்கடம் விளங்காது.
அதற்கு முன்னால் வைத்தே
சவிரியானுக்கு உண்மையைச் சொன்னேன்.

அவர் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.
நெடுநேரம் கடலையே பார்த்தார்.
"போன மாசி" என்றார்,
"எனக்கும் மான்தான் முட்டினது."

பிறகு நடந்தோம்,
அடுத்த கம்பம்வரை,
ஒன்றும் கதைக்காமல்.