ஒலிவாங்கி திறந்திருந்தது

விண்ணப்பத்தில் ஒரு பெட்டி இருந்தது:
ஏன் மருத்துவர் ஆக விரும்புகிறீர்கள்,
முந்நூறு சொற்களுக்கு மிகாமல்.
மூன்று இரவு எழுதி எழுதி அழித்தேன்.
'சேவை' என்றால்
பள்ளிப் பேச்சுப்போட்டி வாடை அடித்தது.
'அம்மாவின் ஆசை' என்றால் பொய்.
அம்மாவின் ஆசை
நான் கணக்காளராகி ஏசி அறையில் உட்கார்வது.

செந்தூலில் பதினோராவது மாடி.
மூன்று மின்தூக்கியில் ஒன்று ஓடும், சில நாள்.
கீழே ரயில் மட்டும்
ஆளில்லாமல் போய் ஆளில்லாமல் வந்தது.

அம்மாவுக்குச் சுங்கை பூலோவில் கையுறைத் தொழிற்சாலை.
காற்றடைத்து, வெளிச்சத்தில் பிடித்து
ஓட்டை பார்க்கும் வேலை.
உலகத்துக்கே கை அனுப்பிக்கொண்டிருந்தார்கள் அந்த வருஷம்.
முதலில் விடுதியில் நேப்பாளத்துப் பையன்களுக்கு,
பிறகு வேனில் இருவருக்கு,
பிறகு அம்மாவுக்கு.
மணிக்கட்டில் இளஞ்சிவப்புப் பட்டையோடு வந்து
அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.
உள்ளிருந்தே கேட்பாள்:
"யாழு, பசியாறிட்டியா?"

எங்கள் மாடிக்கு ஒரே ஓர் ஆக்சிமீட்டர்.
மாக்சிக் ரொகையா வாங்கியது.
பிளாஸ்டிக் பையில் போட்டு
கிராதியில் மாட்டிவிட்டுப் போவார்.
துடைத்து, பார்த்து, துடைத்து மாட்டினால்
அடுத்த வீட்டார் எடுத்துக்கொள்வார்கள்.
பதினான்கு வீடு. யார் முதலில் என்று
யாரும் சண்டை போட்டதில்லை.

நேர்முகத் தேர்வு, செவ்வாய், காலை பத்து.
மேலே இஸ்திரி போட்ட பாஜு குரோங்,
கீழே பைஜாமா.
அண்ணன் யுவநேசன் தன் டேட்டாவைத் திறந்துவிட்டு
அடுக்களையில் குந்தியிருந்தான்,
பெருமூச்சு விட்டால்கூட வேகம் குறையும் என்பதுபோல்.

திரையில் மூன்று முகம்.
ஒரு சுவாசக் கருவி, இரண்டு நோயாளி,
யாருக்குக் கொடுப்பீர்கள்?
எனக்கு இது மனப்பாடம்.
நான்கு கொள்கை, கொள்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு.
இரண்டாவதில் இருந்தேன்.
அம்மா இருமினாள்.
அணைக்கப் போனது விரல்.
இருமல் முந்திக்கொண்டது.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.
முகக்கவசம் பதிந்த கோடு மூக்கில் இன்னும் சிவந்திருந்தது.
"யார் அது?"
"அம்மா."
"எத்தனையாவது நாள்?"
"எட்டு."
"ஆக்சிஜன்?"
"தொண்ணூற்று நாலு. நேற்று ராத்திரி."
"நான் இப்போது கேட்கிறேன், யாழரசி."

இப்போது அது ஒன்பதாம் எண் வீட்டில் இருந்தது.
"போய் வாங்கிப் பாருங்கள். நாங்கள் எங்கேயும் போகமாட்டோம்."

கிராதியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.
வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.
ஒன்பதிலிருந்து எட்டுக்கு,
எட்டிலிருந்து ஏழுக்கு,
துடைப்பக் காம்பின் நுனியில் ஆடியபடி
அந்தப் பை வந்து சேர்ந்தது.

அம்மாவின் விரல் சில்லென்றிருந்தது.
"பரீட்சை... முடிஞ்சிருச்சா?"
இரண்டே சொல், நடுவில் ஒரு மூச்சு.
எனக்குத் தெரியாமலே எண்ணியிருந்தேன்.

தொண்ணூறு.

திரும்பி வந்து எண்ணைச் சொன்னேன்,
அந்த நடு மூச்சையும் சொன்னேன்.
வலப்பக்கத்து முகம் ஏற்கெனவே வேறொரு தொலைபேசியில்.
முகவரி? சொன்னேன்.
மின்தூக்கி?
"இன்றைக்கு ஓடுகிறது, டாக்டர்."
மூன்றாவது, நான்காவது கொள்கைகளை
யாரும் கேட்கவில்லை.
எந்நேரம் திரை இருண்டதென்று நானும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள்,
பாதி ஆளாக.
வாசலிலேயே கேட்டாள்,
"அந்தச் சாமானை ரொகையாகிட்ட
திருப்பிக் குடுத்தியா இல்லியா?"

இணையத்தில் என் பெயருக்கு நேரே
இன்னும் 'பரிசீலனையில்'.
அண்ணன் தினமும் பார்க்கிறான்.
அந்தப் பெட்டியில் கடைசியில் என்னதான் எழுதினேன்,
நினைவில்லை.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொல்,
அது மட்டும் தெரியும்.

நேற்று பை எங்கள் கிராதிக்கு வந்தபோது
எண்கள் மங்கலாகத் தெரிந்தன.
கீழே இறங்கி
இரண்டு பேட்டரி வாங்கிவந்து போட்டேன்.
மின்தூக்கி ஓடவில்லை.