ஒரு பருக்கையும் காணாத குடல்

மிளகளவுதான் இருந்தது,
ரோஸ்மில்க் நிறத் திரவத்தில்.
கரண்ட் போய் ஜெனரேட்டர் திணறும் சேலத்து மதியங்களில்
முப்பத்தேழு டிகிரி நிற்கிறதா என்று
நானும் பெர்னதெத்தும் மாறிமாறி எட்டிப் பார்ப்போம்.

ஓமலூர்க்காரர் ஒருவர் தந்த தோலில் தொடங்கியது.
இது குடல் என்றால் அவர் நம்பவில்லை.
குடல்தான். மடிப்பெல்லாம் உண்டு.
ஆனால் திரிந்த பால், பழைய சோறு,
கிருமி, எதுவும் கண்டதில்லை.
திருடன் வராத ஊரில் காவல் எதற்கென்று
சும்மா கிடந்தது.

எலியின் சிறுநீரக உறைக்கடியில் வைத்துத் தைத்தோம்.
தொப்புள்கொடி ரத்தத்துச் செல்கள்
அந்த எலிக்குள் முன்பே சுற்றிக்கொண்டிருந்தன.
ஜன்னலில் சேர்வராயன்மேல் மேகம் ஏறும்,
மழையாகாமலே இறங்கும்.

பதினெட்டாம் வாரம்.
சாயமேற்றிய சீவலில்
பச்சைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை.
ஓர் ஓரமாய் நெருங்கி நின்றன,
யாரும் கூப்பிடாமலே.
"கூட்டம் போட்டிருச்சுக்கா,"
லென்ஸிலிருந்து கண்ணெடுக்காமல் பெர்னதெத்.

அதைக் கொண்டாட நாலு ரோட்டில்
தட்டுவடை செட், இரண்டு தட்டு.
விடிவதற்குள் என் வயிறு கணக்குத் தீர்த்தது.
கழிவறையில் குந்தியிருந்தபோது நினைத்தேன்:
எனக்குள்ளும் இதே கூட்டம்தான்.
ஆனால் இதற்குப் பழைய பகைகள் எல்லாம்
பேர் பேராய்த் தெரியும்.

திங்கட்கிழமை அடுத்த எலிக்கு,
அந்தச் சுத்தமான குடலுக்குள்,
ஒரு துளி பாக்டீரியா.
அளவு, நேரம், ஊசி எண்
எழுதியாகிவிட்டது.
கையெழுத்து மட்டும் பாக்கி.