பை மாறிய வியாழன்

டிசம்பரில் எங்கள் பக்கம்
சூரியன் விடுப்பில் போய்விடும்.
பதினொரு மணிக்கு ஒரு நீலம் வரும்,
இரண்டுக்குள் அதுவும் கிளம்பிவிடும்.
விளக்கைப் போட்டுக்கொண்டு நான்
மூவாயிரம் புத்தகங்களை ஓட்டிப் போகிறேன்,
இனாரி ஏரியைச் சுற்றி,
ஒன்றுவிட்ட வியாழன்தோறும்.

ஒரு நிறுத்தத்துக்கு இருபது நிமிடம்.
எஞ்சினை அணைப்பதில்லை.
அணைத்தால் டீசல் உறையும்,
அப்புறம் நானும்.

முகத்தைப் பார்த்துப்
புத்தகம் எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தை
முதல் வருடமே விட்டேன்.

அஸ்லாக் கலைமான் மேய்ப்பவர்.
கட்டைவிரலில் பாதி இல்லை.
காதல் கதைகள் மட்டும் எடுப்பார்,
அட்டையில் இரண்டு பேர் நெருங்கி நிற்க வேண்டும்.
"வீட்டுக்காரிக்கு" என்பார்.
அவள் போய் இது இரண்டாவது பனிக்காலம்.
அவள் பெயரிலேயே பதிந்து தருகிறேன்.
கணினி ஒன்றும் கேட்பதில்லை,
நானும்.

இங்காவுக்குப் பதினொரு வயது.
விஷங்கள் பற்றி வண்டியில் இருந்ததையெல்லாம்
படித்துத் தீர்த்துவிட்டு
"அடுத்து?" என்று நின்றாள்.
விஷமுறிவு பற்றி ஒன்று இருந்தது.
"பிழைச்சுடுவாங்களா?" என்று உதட்டைப் பிதுக்கினாள்.
இருந்தாலும் வாங்கி
பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு ஓடினாள்.

நான் சொல்லவந்தது பை மாறிய கதை.

அன்றைக்கு மைனஸ் முப்பத்து நாலு.
கதவைத் திறந்ததும்
என் கண்ணாடியில் ஆவி படிந்து ஊரே மறைந்தது.
கொக்கியில் இரண்டு பச்சைப் பைகள்:
பிள்ளையைத் தூங்கவைப்பது எப்படி,
வில்யா கேட்டது,
பிறந்து ஏழு வாரம்.
ஆழ்கடல் மீன்கள்,
பனி வாரும் வண்டி ஓட்டுகிற தௌனோ கேட்டது.
தனியாள், வயது அறுபத்தொன்று.
தடவிப் பார்த்துக் கொடுத்தேன்.
அடுத்த நிறுத்தத்திலும் தடவித்தான் கொடுத்தேன்.

தெரிந்தபோது
வண்டி எண்பது கிலோமீட்டர் தள்ளி நின்றது.

இரண்டு வாரமும்
மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன்.

வில்யா வந்தாள்.
போர்வைக்குள் ஒரு மூக்கு மட்டும்.
புத்தகத்தை நீட்டவில்லை,
நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.
"ராத்திரி மூணு மணி.
இவன் தோள்ல. நான் நின்னுக்கிட்டே படிக்கிறேன்.
கடலுக்கு அடியில ஒருத்தி இருக்கா, தெரியுமா,
வெளிச்சமே எட்டாத இடம்,
நெத்தியில ஒரு விளக்கைத் தொங்கவிட்டுக்கிட்டு
முழிச்சிருக்கா."
பிள்ளை தூங்கினானா என்றேன்.
"எங்கே!" என்றாள்.
சிரித்ததில் போர்வை குலுங்கியது.

தௌனோ
கூட்டுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.
மீன் புத்தகத்துக்கு வரிசை நீளம், பொறுக்கணும் என்றேன்.
அவர் காதில் விழவில்லை.
"நாப்பதாம் பக்கம். ஒரே சீரா இரைச்சல் கேட்டா
குழந்தைங்க தூங்குமாம்.
முப்பது வருஷமா எல்லாரும் என்னைத் திட்டுறாங்க!"
பிறகு, கையுறையைப் பார்த்தபடி,
"அந்த மஞ்சள் வீடுதானே?"

தகட்டைச் சாலையில் மோதாமல்
மெதுவாகப் போகிறாராம் இப்போது.
பயன் இருக்கிறதா என்று
நான் வில்யாவிடம் கேட்கவில்லை.
பெயர்ச்சீட்டுகள் ஒரு கட்டு வாங்கினேன்.
ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்
பிரிக்காமல் கிடக்கிறது.

கடைசி நிறுத்தம்.
அஸ்லாக் தொப்பியிலிருந்து பனியைத் தட்டினார்.
நெருங்கி நிற்கும் இருவரை
மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.
"அவளுக்கு முடிவு பிடிக்கல"
என்றார்.
"வேற ஒண்ணு கொடு."

இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.
எழுந்து அலமாரிக்குப் போனேன்.