சாய்ந்து நிற்கும் நாய்

காற்று எண்பதைத் தொட்டால் படகு கிடையாது.
பலகையைத் திருப்பி வைக்கிறாள் யாஸ்னா:
துறைமுகம் மூடல்.
வரிசை முணுமுணுத்தபடி கலைகிறது.
ஒரு லாரிக்காரர் மட்டும்
கண்ணாடித் தடுப்பில் விரலால் தட்டி
நாளைக்காவது உண்டா என்கிறார்,
காற்றின் சாவி அவளிடம் இருப்பதுபோல.

புன்டா அரீனஸில்
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம்தான்.
தூற்ற என்ன இருக்கிறது?

பயணச்சீட்டுச் சுருளின் பின்பக்கத்தில்
வெளியே நின்ற நாயை வரைந்தாள்.
நான்கு காலையும் அகட்டி
காற்றுக்குத் தோள்கொடுத்து
நின்றுகொண்டிருந்தது.
பின்னால் விளக்குக் கம்பம், தகரக் கூரைகள்,
எல்லாம் நேராக.
நாய் மட்டும் முப்பது பாகை சாய்வு.

இரவு அதை ஒரு கோப்பையில் ஏற்றினாள்.
கோப்பை என்றால் கோப்பை அல்ல,
கோப்பையின் படம்.
யாராவது காசு கொடுத்த பிறகுதான்
அதற்குக் கைப்பிடி முளைக்கும்,
அவள் பார்த்தேயிராத ஏதோ ஊரில்
ஏதோ இயந்திரத்தின் வயிற்றில்.
விலை பதினாறு டாலர்.
அவள் பங்கு ஒன்று தொண்ணூறு.
தேடுவோர் கண்டெடுக்கச் சில சொற்கள் தருக என்றது திரை.
நாய், காற்று என்று போட்டுவிட்டு
கொஞ்சம் யோசித்து
பரிசு என்றும் சேர்த்தாள்.

பதினோரு வாரம் ஒன்றும் போகவில்லை.
பன்னிரண்டாவது வாரம் ஒன்று.
வாங்கியது அண்ணன் மிர்கோ, வேறொரு பெயரில்.
பெயரை மாற்றத் தெரிந்தவனுக்கு
முகவரியை மாற்றத் தோன்றவில்லை.

பிறகு ஒஹையோவிலிருந்து ஒரு கடிதம், புகைப்படத்தோடு.
சாய்ந்திருப்பதெல்லாம் தவறு என்று எண்ணும் மென்பொருள்
படத்தையே திருப்பிவிட்டிருந்தது.
நாய் குத்துக்கல்லாக நிற்கிறது.
கம்பமும் கூரைகளும்
மொத்தத் தெருவும்
ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கின்றன.

காது மடல் சுட
அகராதியும் கையுமாக இரண்டு மணிநேரம் உட்கார்ந்து
பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதினாள்.
பதில் வந்தது:
வேண்டாம்.
எனக்கு விவாகரத்தான வருடம்
ஊரே சரிந்தது, நான் இப்படித்தான் நின்றேன்.
இன்னும் நாலு அனுப்பு.

பிழையையே விற்பனைக்கு வைத்தாள்.
ஜூனில் முப்பத்தொன்று.
ஜூலையில் நூற்றுப் பதினான்கு.
எரிவாயுக் கட்டணத்தைக்
கெடு முடியும் முன்பே கட்டிவிட்டு
அலுவலகப் படியில் கொஞ்ச நேரம் நின்றாள்,
யாராவது கேட்டால் சொல்லலாமென்று.
யாரும் கேட்கவில்லை.

சாய்ந்த நாய், மொத்தம் இரண்டு.
அதில் ஒன்று மிர்கோ.
நிமிர்ந்தவனுக்கு எங்கள் ஊர்க் காற்றைப்பற்றி என்ன தெரியும்
என்று கணக்குத் தாளைப் பார்த்துச் சொன்னாள்.
சொல்லிவிட்டு
நிமிர்ந்தவனுக்கு ஒரு சட்டை, ஒரு துணிப்பை,
ஒரு குழந்தை மேலாடை என்று புதிதாகச் சேர்த்தாள்.

அவள் விற்கும் எதையும் அவள் தொட்டதில்லை.
ஆகஸ்டில் தன்னிடமே ஒன்று வாங்கினாள், சாய்ந்ததை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
கோப்பை பதினாறு, தபால் இருபத்தொன்பது.
சுங்க அலுவலகத்தில்
ஒயார்சூன் என்று சட்டையில் பெயர் குத்திய ஆள்
ஒரு படிவத்தை நீட்டினார்.
மூன்றாவது கட்டம்: சரக்கின் மதிப்பு.
பேனா அங்கேயே நின்றது.
பதினாறா, நாற்பத்தைந்தா,
தன்னிடம் வாங்கியதற்காகத்
தனக்கே வந்து விழுந்த ஒன்று தொண்ணூறா?
பின்னால் வரிசை செருமியது.
எதையோ எழுதிக் கொடுத்தாள்.

வெளியே வந்து பெட்டியைப் பிரித்ததும்
அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது காற்று.
ஒரு கையால் தெருக்கயிற்றைப் பற்றி
உடம்பைக் காற்றின்மேல் சாத்தி
மறு கையால் கோப்பையைக் கண்ணெதிரே தூக்கினாள்.
நாய் நேராக நின்றது.
அதன் பின்னால் கம்பமும் கூரைகளும்
சரிந்திருந்தன.

கைப்பிடியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.
புகார் கொடுக்க ஏழு நாள் அவகாசம் உண்டு.
கொடுத்தால் அவளுக்குத்தான் வரும்.