நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

சீட்டில் மழைக்காட்டு நடை என்று அச்சிட்டிருந்தது.
பைரேசன் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.
"மழை வந்தா காடு. வரலன்னா வெறும் முள்ளு."

இந்த வருடம் வந்திருந்தது.
அஞ்செட்டி தாண்டி தொட்டஹள்ளாவில்
முழங்கால்வரை செந்தண்ணீர்.
நீர்மருதின் வேரில் சிக்கி
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.

ஆறு பேர் எங்கள் பிரஸ் ஷாப் ஆட்கள்.
ஏழாவது, ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தா,
கழுத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி.
வேட்டைத் தடுப்புக் காவலர் பைரேசன்
முன்னால் நடந்தபடியே பேசுகிறவர்.
முதுகு பேசினால் எனக்குக் கேட்காது.

ஓசூரில் பதினான்கு வருடம்
இருநூறு டன் பிரஸ்ஸின் பக்கத்தில் நின்ற காது.
வருடாந்திரப் பரிசோதனையில்
டாக்டர் ஒரு கோட்டைக் காட்டினார்.
சமமாகப் போய்க்கொண்டிருந்தது
நாலாயிரம் ஹெர்ட்ஸில் பொத்தென்று விழுந்திருந்தது.
"இதுக்கு மேல உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார்,
அளந்து எல்லைக்கல் நட்ட சர்வேயர் மாதிரி.

மகள் பெயர் ஸஹஸ்ரா.
யார் அவளைக் கூப்பிட்டாலும்
என்னிடம் வந்து சேர்வது
அஹ... ரா.
மற்றவர்கள் சிரித்தால்
அரை நொடி தள்ளிச் சிரிக்கிறேன்.
இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஆனை லத்தி. அதில் முளைத்த காளான்.
உசில மரத்தடியில் பிஸ்கட் பிரித்தோம்.
"வவ்வா வீட்டுக்கு விருந்து போறோம்,
நீயும் தொங்கு நானும் தொங்குதான்" என்றான் கோவர்த்தன்.
இது கேட்டது. நேர்முகமாகச் சொன்னான்.

குகைவாயில் குனிந்தோம்.
பழைய வரைபட நகல் அறையின் நெடி,
அம்மோனியா.
காலடியில் புழுக்கை மெத்தை,
அது முழுக்கக் கரப்பான் ஊர்ந்தது.
பைரேசன் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி
ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.
அந்த வெளிச்சத்தில்
கல் என்று நினைத்த ஒன்று
மேலே திரும்பித் தொங்கியது.
அடுத்ததும். அதற்கடுத்ததும்.
ஒன்றின் ஒரு காது என் பக்கம் திரும்பியது;
மற்றக் காது
வேறு யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தது.

"சத்தமே இல்லையே" என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
பைரேசன் முதல்முறையாக எங்கள் பக்கம் திரும்பினார்.
சிவப்பு உதடுகளைப் படித்தேன்:
"கத்துதுங்க. தொண்ட கிழியக் கத்துதுங்க.
நமக்குத்தான் எட்டல."

அப்போது பார்த்தேன், அந்த முகங்களை.
கழுத்து முன்னே நீண்டு
வாய் லேசாகத் திறந்து
கோவர்த்தன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்திருந்தான்.
எனக்குப் பழக்கமான முகம்.
கண்ணாடியில் அல்ல,
கேன்டீன் மேசையில், உள்ளிருந்து.
எட்டுப் பேரும் ஒரே செவிடு.
ஒரு நிமிடம் இருக்கும்.

ஜெசிந்தா கருவியைப் போட்டாள்.
நாற்பதாயிரத்தைப் பத்தால் வகுத்து
மனுசக் காதுக்கு இறக்கித் தருமாம்.
எனக்குக் கணக்கு வரும்.
நாலாயிரம்.

எல்லா முகமும் மலர்ந்தது.
தகரத்தில் கடலை கொட்டுற மாதிரி, என்றார்கள் பிறகு.
கருவியில் ஒரு பச்சை விளக்கு துடிப்பதை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அரை நொடி தள்ளி
சிரித்தும் வைத்தேன்.

ஆறு மணிக்குள் காட்டைவிட்டு இறங்க வேண்டும்.
பைரேசன் பத்து நிமிடம் கடன் கொடுத்தார்.
வெளியே பாறையில் நின்றோம்.
முதலில் ஒன்று, சாம்பிள் பீஸ் போல.
அப்புறம் ஷிப்ட் விட்ட கேட்.
கன்னத்தில் காற்று, கழுத்தில் காற்று,
காது மடலில் காற்று.
ஒன்றுகூட மோதவில்லை.
என் மூக்கை, தொப்பியை, தூக்கிய கையை
ஒவ்வொன்றும் கேட்டுவிட்டு
ஒதுங்கிப் போனது.
இத்தனை பேர் என்னைக் கேட்டது
இதுதான் முதல்தடவை.

இறங்கும்போது இருட்டு.
முன்னால் போன முதுகு ஏதோ சொன்னது.
வழக்கம்போல ம் கொட்டப் போனவன்
"என்னங்க? எனக்குக் காது மந்தம்" என்றேன்.
நின்றார். திரும்பினார்.
டார்ச்சைத் தன் வாய்ப்பக்கம் பிடித்துக்கொண்டு
நிதானமாகச் சொன்னார்:
"முள்ளு. பாத்து வாங்க."